பழைய வீட்டுச் சுவரும் அம்மாவின் வீசிங்கும்

1/ பழைய வீட்டுச் சுவருக்கு உள்பக்கம் தெர்மாகோல் வச்சு, மேல பிவிசி ஷீட் அடிக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம். நான் செஞ்ச தப்பைச் சொல்றேன்.

2/ மதுரை சிம்மக்கல் பக்கம் எங்க பூர்வீக வீடு. ஒன்றரை அடி செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை. பகல்ல வாங்குன சூட்டை ராத்திரிதான் விடும். அம்மாவுக்கு 70 வயசு. ஏசி குளிர்ச்சி நிக்கட்டும்னு அவங்க ரூமுக்கு ஷீட் அடிச்சேன்.

3/ ஐப்பசி மழையோட இருமல் வந்துச்சு. அப்புறம் ராத்திரியில வீசிங். இன்ஹேலர் கொடுத்தேன். அக்கா வீட்டுக்குப் போனா குறையுது, திரும்பி வந்தா ஆரம்பிக்குது. "எந்த இடத்துல அதிகமாகுது?"ன்னு நோயாளிகள்கிட்ட தினமும் கேட்கிறவன், வீட்ல கேட்கல.

4/ ஷீட்டைக் கழட்டினா, பின்னாடி கன்னங்கரேல்னு பூஞ்சை. பழைய சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சும், மழையையும் குடிக்கும். காரை வழியாத்தான் காயும். அந்த வழியை நான் அடைச்சுட்டேன். பூஞ்சையோட நுண்வித்துகள் ஆஸ்துமாவைக் கிளறிவிடும்.

5/ அப்போ சூட்டுக்கு என்ன வழி? மதிய வெயில் நேரா இறங்குறது மொட்டை மாடியில. முதல்ல அதுக்கு வெள்ளை அடிங்க. மேற்குச் சுவருக்கு வெளியே நிழல் கொடுங்க. ராத்திரி கொசுவலை போட்டு ஜன்னலைத் திறந்து வைங்க. ஓதம் இருந்தா காரணத்தைச் சரிபண்ணிட்டு, சுண்ணாம்புலயே பூசச் சொல்லுங்க.

6/ ஒரே ரூம்ல இருமல், வெளியூர்ல நிம்மதின்னா டாக்டர்கிட்ட அதை மறக்காம சொல்லுங்க. அம்மாவுக்கு இப்போ இன்ஹேலர் எப்போவாவதுதான். சுவர் மட்டும் திட்டுத் திட்டா இருக்கு. இருக்கட்டும், மூச்சு விடுது.