கும்மிடிப்பூண்டி லைன்

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினால் இடப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் பார்க்க வேண்டியதில்லை, ஊரை மூக்கே சொல்லிவிடும்.

கொருக்குப்பேட்டையில் மேல்காற்று அடித்தால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டு வாடை. திருவொற்றியூரில் பக்கிங்காம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மணலி. 1960களின் இறுதியில் அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வந்தது. அதன் நாஃப்தாவை நம்பி உர ஆலை வந்தது, பெட்ரோ கெமிக்கல் ஆலைகள் வந்தன. ஒன்றில் விளைவது மற்றொன்றுக்கு மூலப்பொருள். துறைமுகமும் தண்டவாளமும் கைக்கெட்டும் தூரத்தில். ஆலைகள் கொத்தாகக் கூடுவதில் லாபக் கணக்கு தெளிவாகவே இருக்கிறது.

மூச்சின் கணக்குதான் தவறிப்போனது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டது. 70ஐத் தாண்டினால் மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதி. மணலி பெற்றது 76.32.

ஒரே கூரையின் கீழ் பத்து அடுப்பு எரிகிறதென்று வையுங்கள். ஒவ்வொன்றின் புகையும் அளவோடுதான் இருக்கும். ஆனாலும் வீட்டுக்குள் கண் எரியும். இங்கே புகை கூடுவதோடு நிற்பதில்லை, புகையும் புகையும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கிறது. நிலக்கரியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடு காற்றில் மாறி, அம்மோனியாவோடு சேர்ந்து நுரையீரலின் அடிவரை போகும் நுண்துகளாகிறது. கொதிகலன்களின் நைட்ரஜன் ஆக்சைடும் எண்ணெய் ஆவியும் வெயிலில் கலந்தால் ஓசோன். எந்தப் புகைபோக்கியில் கருவி வைத்தாலும் இந்தத் துகளின் முழுக் கணக்கு கிடைக்காது. அது வெளிக்காற்றில் அல்லவா பிறக்கிறது!

தீப்பெட்டி ஆலையின் பெயரைச் சுமக்கும் விம்கோ நகர், கத்திவாக்கம் கடந்து எண்ணூர். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில், இங்குள்ள வேறொரு உர ஆலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பத்து மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் இது. எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, ரயில் கொசஸ்தலை ஆற்றுப் பாலம் ஏறியதும், "ஜன்னல சாத்து தம்பி, அத்திப்பட்டு வருது" என்றார். மழை வருகிறது என்று சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொன்னார். சாத்தினேன். சட்டத்தில் விரல் வைத்தபோது மாவுபோல ஒட்டியது சாம்பல்.

அத்திப்பட்டைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் மட்டும் 1,830 மெகாவாட், வல்லூர் 1,500 மெகாவாட். 275 மீட்டர் உயரப் புகைபோக்கிகள் புகையை அடிவாரத்து ஊர்களிலிருந்து தள்ளிவிடுகின்றன, ஒழித்துவிடுவதில்லை. கந்தகத்தைக் குறைக்க 2015 டிசம்பரில் மத்திய அரசு விதி செய்து இரண்டாண்டு கெடு வைத்தது. கெடு மட்டும் நீண்டுகொண்டே போனது.

மீஞ்சூரும் பொன்னேரியும் தாண்டினால் வயல்கள், ஏரிகள். நெஞ்சு சற்று இளகும். கடைசி நிறுத்தமான கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு உலைகள் மறுபடி வரவேற்கும்.

திரும்பும் ரயிலில் ஏறும்போது ஒன்று உறைத்தது. மார்கழி, தையில் காற்றும் வடகிழக்கிலிருந்து தெற்கே, நாம் வந்த வழியாகத்தான் நகரத்துக்குப் போகிறது. பனிக்காலத்து விடியலில் தரையோரக் குளிர்காற்று மேலெழ முடியாமல் மூடிபோட்டதுபோலக் கிடக்க, புகையும் அதற்குள் தங்கிவிடுகிறது. ஆகவே இது வடசென்னைக்காரர்களின் பாடு மட்டுமல்ல. முதலிலும் அதிகமாகவும் சுவாசிப்பவர்கள் அவர்கள், அவ்வளவுதான்.

புதிய ஆலைக்கு அனுமதி தருமுன் அதன் புகையை மட்டும் அளந்தால் போதாது. அந்த வட்டாரக் காற்று ஏற்கெனவே எவ்வளவு சுமக்கிறது, இன்னும் சுமக்க இடமிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடமில்லையென்றால் இருப்பது குறையும்வரை புதியது கூடாது. அந்த அம்மா பாலத்தில் ஜன்னலைச் சாத்தச் சொல்லலாம். வீட்டுக்குப் போனபின் அவர் எதைச் சாத்துவார்?