ஒரு வில், இரு நீதி

சென்ற ஆடி மாதத்தில், வேல்விழாவைக் காணவென்று மெல்பேண் நகரிலிருந்து எமது உறவினர் மகன் ஒருவர் வந்து, வெள்ளவத்தையில் எம்முடன் சில நாட்கள் தங்கியிருந்தார். ஒருநாள் மாலை, தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், தமது கைத்தொலைபேசியை எம்மிடம் நீட்டினார். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்தன. ஒவ்வொன்றிலும் இறந்து கிடக்கும் ஒரு பன்றி. அதன் பின்னே மண்டியிட்டுச் சிரிக்கும் அவர். பன்றியின் விலாவின்மேல் சாத்தி வைக்கப்பட்ட ஒரு வில்.

முதற் பன்றி அவுஸ்திரேலியாவில் வீழ்த்தப்பட்டது. அடுத்தது அமெரிக்காவின் டெக்சாஸில். மூன்றாவது தென்னாபிரிக்காவின் புல்வெளியில். முகத்தில் பருக்கள் புடைத்து, தந்தங்கள் இருபுறமும் வளைந்து நின்ற ஒரு பன்றி. உலகில் எத்தனை இனப் பன்றிகள் உண்டோ, அத்தனையிலும் சட்டம் அனுமதிப்பவற்றை வில்லாலேயே வீழ்த்திவிட வேண்டுமென்பது அவருடைய ஆசையாம்.

"துவக்கெண்டால் ஆரும் சுடலாம், மாமா. வில்லெண்டால் இருபது யாருக்குள்ள கிட்டப் போகவேணும். அதிலேதான் வீரம் இருக்கு" என்றார்.

அவர் கெட்டவரல்லர். ஊரில் படிக்க வசதியற்ற பிள்ளைகள் இருவருக்கு மாதந்தோறும் பணம் அனுப்புபவர். தாம் கொன்ற பன்றியின் இறைச்சியை வீணாக்குவதில்லை என்றும் கூறினார். ஆகவே அவரை இழித்துரைப்பது எமது நோக்கமன்று. ஆயினும் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அவருடைய படங்கள், எமது வகுப்பறையில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தை நினைவூட்டிவிட்டன. அதனை மறைக்காது சொல்லிவிடுவதே முறை.

நாம் கொட்டாஞ்சேனையிலுள்ள ஒரு பாடசாலையில் ஆசிரியத் தொழில் புரிகின்றோம். இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒருநாள், பிள்ளைகளின் கூச்சல் எல்லைமீறிப் போகவே, "என்ன இது, வேடர் கூட்டமா?" என்று அதட்டினோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஒரு மாணவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதற்கு நாம் எந்தப் பொருளும் கற்பிக்கவில்லை. பிள்ளைகளைச் சிரிக்க வைத்து அடக்கிவிட்ட எமது சாமர்த்தியத்தை எண்ணி உள்ளூர மகிழ்ந்தோம் என்பதே உண்மை.

சில வாரங்களின் பின், அதே வகுப்பைக் கறுவாக்காட்டிலுள்ள நூதனசாலைக்கு அழைத்துச் சென்றோம். தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அவ்வெண்ணிறக் கட்டடத்தின் முன்னே பெரியதோர் ஆலமரம் உண்டு. உள்ளே செல்வதற்கு முன் அதன் நிழலில் பிள்ளைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். அந்த மாணவன் மெல்ல எம்மருகே வந்தான்.

"சேர், உள்ளுக்கு எங்கட வில்லும் இருக்குமா?"

"எங்கட எண்டால்?"

"அம்மம்மாட ஆக்கள் வாகரைப் பக்கம், சேர். வேடர் எண்டுதான் எங்களைச் சொல்லுவாங்க. அம்மம்மாட அப்பா வில்லாலதான் பண்டி அடிச்சவராம்."

மட்டக்களப்பின் வடக்கே, வாகரையை அண்டிய கரையோரத்தில், தமிழ் பேசும் வேடர் வழியினர் இன்றும் வாழ்கின்றனர் என்பதை நாம் நூல்களிற் படித்தறிந்திருந்தோம். ஆனால் அவர்களுள் ஒருவனது பேரன் எமது வகுப்பிலேயே, மூன்றாவது வாங்கில் அமர்ந்திருக்கின்றான் என்பதை அறியாதிருந்தோம். நூலறிவு எமக்கிருந்தது, மனிதரை அறியும் அறிவு இருக்கவில்லை. அவனிடம் நாம் மன்னிப்புக் கேட்டோம். அவனோ, "பரவாயில்லை சேர்" என்று மட்டும் கூறினான். பழகிப்போன ஒன்றைப் பற்றிச் சொல்வதுபோல் அவன் அதனைக் கூறியதே எம்மை மிகவும் வருத்தியது.

வில்லால் பன்றியை வீழ்த்திய ஒருவர் அதனைப் படமெடுத்து உலகுக்குக் காட்டுகின்றார். அதையே செய்த இன்னொருவரின் பேரப்பிள்ளை தலை குனிகின்றான். இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதலில், இன்று உலகெங்கும் பரவியிருக்கும் இந்த வில்வேட்டை விளையாட்டின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். 1911ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கலிபோர்னியாவின் ஒரோவில் என்னும் ஊரில், பசியால் மெலிந்த செவ்விந்தியர் ஒருவர் பிடிபட்டார். அவர் யாகி என்னும் குடியின் கடைசி மனிதர். பொன் தேடி வந்த வெள்ளைக் குடியேறிகள் 1860களில் அக்குடியினரை வேட்டையாடியே ஏறக்குறைய அழித்துவிட்டனர். தமது பெயரை அவர் எவருக்கும் சொல்லவில்லை. 'மனிதன்' என்று பொருள்படும் 'இஷி' என்னும் சொல்லாலேயே அவரை அழைத்தனர். சான் பிரான்சிஸ்கோவிலே, பல்கலைக்கழகத்து நூதனசாலையில் அவர் தங்க வைக்கப்பட்டார். அயலிலிருந்த மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த சக்ஸ்டன் போப் என்னும் சத்திர வைத்தியர், அவரிடம் வில் செய்யவும் அம்பெய்யவும் வேட்டையாடவும் கற்றுக்கொண்டார். இஷி 1916இல் காசநோயால் இறந்தார். 1923இல் போப் வில்வேட்டையைப் பற்றி நூலொன்று வெளியிட்டார். தம் நண்பர் ஆதர் யங்குடன் ஆபிரிக்கா சென்று சிங்கங்களையும் வில்லால் வேட்டையாடினார். அவ்விருவரின் பெயரால் 1961இல் அமைக்கப்பட்ட ஒரு கழகம், வட அமெரிக்காவில் வில்லால் வீழ்த்தப்படும் பெருவிலங்குகளின் அளவுகளை இன்றும் பதிவுசெய்து வருகின்றது. எமது உறவினர் மகன் கையிலேந்தும் கப்பிகள் பூட்டிய வில்லுக்கு, 1969இல் அமெரிக்காவில் உரிமம் வழங்கப்பட்டது.

கற்பித்தவரின் குடி அழிந்தது. கற்றவரின் பெயர் கழகமாயிற்று. வித்தை கைமாறிய விதம் இதுவே.

இனி எமது நாட்டுக்கு வருவோம். 1660 முதல் 1679 வரை கண்டி அரசிற் சிறைப்பட்டிருந்த ரொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இல் வெளியிட்ட தமது நூலில் வேடரைப் பற்றி ஒரு செய்தி கூறுகின்றார். அம்பு முனை தேவைப்படும்போது, வேடர் இரவில் கொல்லனது பட்டறைக்கு வந்து, இறைச்சிச் சுமையொன்றையும், வேண்டிய முனையின் வடிவில் வெட்டிய இலையொன்றையும் தொங்கவிட்டுச் செல்வராம். கொல்லன் அவ்வாறே செய்து வைத்தால், மேலும் இறைச்சி கொண்டுவந்து கொடுப்பராம். வில் அவர்களுக்கு விளையாட்டுக் கருவியாக இருக்கவில்லை. அது உழவனுக்குக் கலப்பை போன்றது. மீனவனுக்கு வலை போன்றது.

பின்னர் வெள்ளையர் ஆட்சி முழுத் தீவையும் பற்றிக்கொண்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்டவியலாத காட்டையும் சேனை நிலத்தையும் முடிக்குரியவையென்று கொள்ள வழிசெய்தது. காட்டிற் பிறந்து காட்டிலே மடிந்தவனிடம் பத்திரம் ஏது? காடு கைமாறிய அந்நாட்களிலேதான் துரைமாரின் வேட்டையும் உச்சத்தை எட்டியது. மேஜர் ரோஜர்ஸ் என்னும் ஒருவர் மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றதாகக் கூறுவர். சாமுவேல் பேக்கர் என்பவர் நுவரெலியாவில் நாய்ப்படை வைத்து மானையும் பன்றியையும் துரத்தியதைப் பெருமையோடு நூலாகவே எழுதினார். அவர்களை எவரும் 'வேடர்' என்று இகழவில்லை. 'பிரபுக்கள்' என்றே மதித்தனர். இஷி பிடிபட்ட அதே 1911இல், செலிக்மன் தம்பதியர் எமது வேடரைப் பற்றி எழுதிய பெருநூல் இங்கிலாந்தில் வெளிவந்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ஆராயப்பட வேண்டிய பொருளாகவே அவர்கள் உலகுக்கு அறிமுகமாயினர்.

சுதந்திரம் வந்தபின் நிலைமை மாறியதா? 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வேடரின் வேட்டைநிலங்களில் ஒரு பகுதி நீரில் மூழ்கியது. மகாவலித் திட்டத்தோடு இணைந்து, 1983ஆம் ஆண்டு நவம்பரில், மாதுறு ஓயாத் தேசியப் பூங்கா பிரகடனம் செய்யப்பட்டது. அக்காட்டிலே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வாழ்ந்தோர் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். 1998இல் காலமான தலைவர் திசாஹாமியும் அவரைச் சார்ந்த சில குடும்பங்களும் தம்பானையை விட்டு நகர மறுத்தனர். ஆனால் காட்டின் எல்லைக்கல்லை அவர்களால் நகர்த்த முடியவில்லை. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிச் சட்டத்தின்படி, தேசியப் பூங்காவினுள் வேட்டையாடுவது குற்றம். அவர்களது பாட்டன் செய்த தொழிலைப் பாட்டனின் காட்டிலேயே செய்தால், பேரனுக்குச் சிறை.

இவ்விடத்தில் வாசகர் ஒரு கேள்வி எழுப்பலாம். காட்டையும் விலங்கையும் காக்க வேண்டாமா என்பதே அது. நிச்சயமாகக் காக்க வேண்டும். அசாம் மாநிலத்தின் புல்வெளிகளிலே, ஒரு சாண் உயரத்தைச் சற்றே மீறும் குள்ளப்பன்றியொன்று உண்டு. அழிந்தேவிட்டதென்று கருதப்பட்டு, 1971இல் மீண்டும் கண்டறியப்பட்ட அவ்வினம், விடாமுயற்சியான பாதுகாப்பினாலேயே உயிர் தப்பி நிற்கின்றது. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், மேற்றந்தங்கள் முகத்தோலைத் துளைத்து மேனோக்கி வளரும் பாபிருசாப் பன்றியையும் சட்டமே காக்கின்றது. மறுபுறத்தில், அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் காட்டுப்பன்றிகள் என்று சொல்லப்படுபவை, ஐரோப்பியர் கப்பலேற்றிக் கொண்டுவந்த பன்றிகளின் வழிவந்தவை. அங்கே அவை மண்ணையும் பயிரையும் பாழாக்குகின்றன. எமது நாட்டிலும் வன்னியிலோ மொனராகலையிலோ ஓரிரவிற் பன்றிக்கூட்டம் புகுந்த சோளச்சேனையைப் பார்த்த எவரும், பன்றியின்மேல் வெறும் கருணை மட்டும் பேசமாட்டார். அந்த ஏழை விவசாயி, உணவுக்குள் வெடிமருந்தை மறைத்துப் பன்றிக்கு வைக்கின்றான்; யானைக்கன்று அதனைக் கடித்து, வாய் சிதறி, பல நாள் பட்டினி கிடந்து சாகின்றது. வறுமையே அங்கு வெடிக்கின்றது.

ஆகவே எமது கேள்வி, வேட்டை நல்லதா தீயதா என்பதன்று. ஒரே செயலுக்கு இரு பெயர்களும் இரு நீதிகளும் ஏன் என்பதே. விமானச் சீட்டும் அனுமதிப் பத்திரமும் வாங்க வல்லவன் செய்தால் அது வீர விளையாட்டு. வயிற்றுக்காகச் செய்தால் அது களவு. காட்டைக் காக்கும் சுமை முழுவதும், அதனை என்றும் அழித்திராதவனின் தோள்மீது ஏற்றப்படுவது எந்த நியாயம்? காட்டைத் தேயிலைக்காகவும் அணைக்காகவும் வெட்டியவர்கள் எவரும் தமது வீட்டை விட்டு வெளியேற்றப்படவில்லையே!

எமது கூத்துக்களில் 'அருச்சுனன் தபசு' என்றொரு கதை ஆடப்படும். பன்றியொன்றின்மேல் இரண்டு அம்புகள் பாய்கின்றன: ஒன்று இளவரசனுடையது, மற்றது வேடனுடையது. பன்றி யாருக்கு உரியது என்று வழக்கு எழுகின்றது. இளவரசன் வேடனைத் தாழ்ந்தவனென்று ஏசுகின்றான். பின்னர்தான் தெரிகின்றது, வேடனாக வந்தவர் சிவபெருமான் என்பது. கதையை நாம் அறிவோம். கூத்தாடும்போது வேடனை வணங்குவோம். ஆனால் மேடைக்கு வெளியே, அந்த வழக்கில் ஒவ்வொரு நாளும் இளவரசனுக்கே தீர்ப்பளித்து வருகின்றோம்.

இவற்றையெல்லாம் உறவினர் மகனிடம் மறுநாள் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்பு, "நான் ஒரு பன்றிக்கும் பசியோட அம்பு விட்டதில்லை, மாமா" என்றார். அவர் வேட்டையை விட்டுவிட்டாரா என்பதை நாம் கேட்கவில்லை. அது அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்தது.

வேல்விழாவன்று அவரும் நாமும் காலி வீதியோரம் நின்றோம். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட இரதம், பம்பலப்பிட்டியை நோக்கி அசைந்து வந்தது. வீதியெங்கும் கற்பூரச் சுடரும் தேங்காய் உடையும் ஒலியும் நிறைந்திருந்தன. கதிர்காமத்து முருகன் மணந்த வள்ளி வேடர் குலத்துப் பெண். வேடர் இன்றும் அவளைத் தம் குலத்தவளென்றே உரிமை கொண்டாடுகின்றனர். அக்குலப் பெண்ணின் பெயரைச் சொல்லிக் கைகூப்பும் நகரத்திலேதான், அக்குலத்தின் பெயரை நாம் பிள்ளைகளை அதட்டும் வசைச்சொல்லாக்கினோம்.

இப்பொழுது எமது வகுப்பில் அச்சொல் வசையாக ஒலிப்பதில்லை. அடுத்த தவணையில், வாகரையிலிருந்து வரும் தன் அம்மம்மாவை வகுப்பிற்கு அழைத்து வருவதாக அந்த மாணவன் சொல்லியிருக்கின்றான். தம் தந்தை வில் வளைத்த கதையை அவர் சொல்லட்டும். அன்று ஆசிரியரின் கதிரையில் அவர் அமர்வார்; நாம் மூன்றாவது வாங்கில் அமர்ந்து கேட்போம்.