வெங்காயக் கொட்டிலைப் பிரிந்த நாள்

"தங்கச்சி, வாற ஞாயிற்றுக்கிழமை கொட்டிலைப் பிரிக்கப் போறோம். உனக்கு வேணுமானதை வந்து எடுத்துக்கொள்" என்று அண்ணா தொலைபேசியில் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை.

தம்புள்ளையில், கண்டி - யாழ்ப்பாண வீதியிலிருந்து பிரிந்து போகும் மண் பாதையில் அப்பாவின் காணி இருக்கிறது. அரசாங்கம் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி. அதன் மூலையில்தான் கொட்டில். பாலை மரக் கால்கள், உள்ளே கம்புத் தட்டுகள், மேலே முதலில் புல்லும் பிறகு தகரமும். சுவர் கிடையாது.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது நான் வவுனியாவில் வாழ்க்கைப்பட்டிருந்தேன். வெளியே போன என் கணவர் திரும்பி வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு அப்பா வீட்டுக்கு வந்தேன். மூலையில் குந்தியிருந்து அழுவதே என் வேலையாக இருந்தது. ஒருநாள் அப்பா, "எழும்பு பிள்ளை, கொட்டிலைப் பார்" என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அவ்வளவுதான்.

சிறுபோகத்துப் பெரிய வெங்காயத்தை ஆகஸ்ட், செப்டெம்பரில் பிடுங்குவோம். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கப் போவதால் விலை விழுந்துவிடும். இரண்டு மூன்று மாதம் பழுதில்லாமல் வைத்திருந்தால் விலை ஏறும். அதற்குத்தான் கொட்டில். தாள் வாடி, கழுத்து நன்றாகக் காய்ந்த பிறகே தட்டில் பரப்ப வேண்டும். காற்றுப் புக வேண்டும். மழைத் தூறல் படக்கூடாது. அடிக்கடி புரட்டி, அழுகியதைப் பொறுக்கி எறிய வேண்டும். ஒன்றை விட்டால் பக்கத்தில் இருப்பதும் பழுதாகும்.

அந்த மணத்துக்குள்தான் என் பிள்ளைகள் லாம்பு வெளிச்சத்தில் படித்தார்கள். 1999இல் தம்புள்ளையில் பொருளாதார மத்திய நிலையம் திறந்த பிறகு, மூட்டைகளோடு நானே போய் விலை பேசப் பழகினேன். முதல் நாள் நா எழவில்லை. அடுத்த வருடம் முதலாளிமார் என்னைக் கண்டதும் தராசைச் சரிபார்த்தார்கள்.

2004இல் அப்பா காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். அனுமதிப்பத்திரத்தில் பின்னுரித்தாளராக அப்பா எவரையும் நியமித்திருக்கவில்லை. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, அப்படியான நிலையில் மகன்மாருக்குப் பிறகுதான் மகள்மார். காணி அண்ணாவுக்குப் போனது. அண்ணா கெட்டவர் அல்லர். பல வருடம் என்னையே செய்கை பண்ண விட்டார். ஆனாலும் அது என் காணி அல்ல. அவருடைய மகனுக்கு வீடு கட்ட இடம் தேவைப்பட்டபோது, "வேண்டாம்" என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. 2022இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். எனக்கு அது பிந்தி வந்த நீதி.

ஞாயிறு போனேன். தகரம் ஒவ்வொன்றாக இறங்கியது. ஒரு பாலைக் காலில் அப்பா கத்தியால் கீறிய கோடுகள் இருந்தன. போகத்துக்குப் போகம் மூட்டைக் கணக்கு. அதற்குக் கீழே என் கோடுகள். அந்தக் காலைக் கேட்டேன்.

"இதைக் கொண்டுபோய் என்ன செய்யப் போறாய்?" என்றார் அண்ணா. பதில் சொல்லவில்லை. அவரே அதைத் தூக்கி முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார். இப்போது மாத்தளையில், மகள் வீட்டு முற்றத்தில் மல்லிகைப் பந்தலைத் தாங்கி நிற்கிறது.

சகோதரிகளே, உங்கள் காணி அனுமதிப்பத்திரக் காணியாக இருந்தால், பின்னுரித்தாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். வெறுமையாக இருந்தால், உரியவர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் பதியச் சொல்லுங்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பதினான்கு வருடம் அந்தக் கொட்டிலில் அப்பாவோடு நின்றேன்; நான் வெட்கப்பட்டுக் கேளாமலே இருந்துவிட்டேன்.