ஐந்து பேரும் ஒரு பந்தயமும்

லெ மான் இருபத்துநான்கு மணி நேரப் பந்தயத்தை இதுவரை யாரும் பார்த்ததில்லை. சொல்வதில் மிகை ஏதும் இல்லை. பிரான்சின் மேற்கே இருக்கும் அந்த ஊரில் ஓடுபாதை ஒரு சுற்றுக்கு 13.626 கிலோமீட்டர். அதில் கணிசமான பகுதி, ஆண்டின் மற்ற நாட்களில் லாரியும் பஸ்ஸும் போகிற சாதாரண சாலை. ஜூன் மாதத்துச் சனிக்கிழமை பிற்பகல் தொடங்கி மறுநாள் அதே நேரம்வரை அறுபது கார்கள் அதில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. வேலியோரம் நிற்பவனுக்குக் கிடைப்பது ஒரு வளைவு. அந்த வளைவில் ஒரு கார் தென்படும் சில விநாடிகள். பிறகு மூன்றரை நிமிஷம் கழித்து மீண்டும் அதே கார். மற்றதெல்லாம் காதால் கேட்பது, ஊகிப்பது, தூங்கிவிடுவது. 1923ல் தொடங்கிய இந்தப் பந்தயத்தின் நூற்றாண்டுக்கு, 2023ல், 3,25,000 பேர் வந்திருந்தார்கள். பார்க்க முடியாத ஒன்றைப் பார்க்க.

நான் போனதில்லை. என்னிடம் இருப்பவை 2013லிருந்து எனக்கு வரும் கடிதங்கள். என்னோடு ஆங்கில இலக்கியம் படித்தவன், இங்கிலாந்தில் ஒரு காரியாலயத்தில் வேலையில் இருக்கிறான். அங்கே அவனோடு வேலை பார்க்கும் நான்கு பேர், அவன் அங்கு போய்ச் சேர்வதற்கு முன்பிருந்தே, வருஷா வருஷம் லெ மான் போகிறவர்கள். 2012ல் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் அந்தப் பந்தயத்தில் ஓட்டினார். இந்தியர் ஒருவர் அதில் ஓட்டியது அதுவே முதல் தடவை. அவருடைய கார் ஆறாவதாக வந்தது. உங்கள் ஊர்க்காரர் ஓட்டுகிறார், நீ வந்து பார்க்கவாவது வேண்டாமா என்று அடுத்த வருஷம் இவனையும் இழுத்துப் போனார்கள். இவனுக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது.

பயணத்தில் மாறுதலே கிடையாது. போர்ட்ஸ்மத்தில் இரவுக் கப்பல், காலையில் கானுக்கருகே இறங்குவது, அதே பாதை, வழியில் ஒரே கடையில் ரொட்டி, மேஸோன் பிளான்ஷ் என்னும் திடலில் கூடுமானவரை அதே மரத்தடியில் கூடாரம். ஒருவர் சமைப்பார். ஒருவர் கூடாரம் அடிப்பார். ஒருவர் பக்கத்துக் கூடாரக்காரர்களோடு சண்டை வராமல் பார்த்துக்கொள்வார். இவனுக்குத் தண்ணீர் கொண்டுவரும் வேலை. ஐந்தாமவர்தான் முக்கியமானவர். அவர் கணக்கு எழுதுவார். ஆங்கிலத்தில் வர்ணனை செய்யும் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு, மணிக்கு ஒரு தடவை, முதல் பத்துக் கார்களின் எண்களைக் கோடு போட்ட நோட்டில் பதிவார். வருஷத்துக்கு ஒரு நோட்டு. எழுதும் வசதிக்காகப் பாதைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவாராம். முழுப் பந்தயத்தையும் அறிந்த ஒரே மனிதர், ஒரு காரையும் பார்க்காதவர். எனக்கு அவர் மேல் உடனே ஒரு உறவு தோன்றியது. விமர்சகன் உட்காரும் திசையும் அதுதான்.

அவன் போன முதல் வருஷமே, பந்தயம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட ஆகியிராது, ஆலன் சைமன்சன் என்ற டென்மார்க்காரர் டெர்த்ர ரூஷ் வளைவில் மோதி இறந்துபோனார். அவருடைய குடும்பத்தாரே கேட்டுக்கொண்டதால் அவர் குழுவின் மற்ற கார்கள் தொடர்ந்து ஓடின. பந்தயமும் தொடர்ந்தது. அந்த வருஷத்து நோட்டில் 95 என்ற எண்ணும் அதன் குறுக்கே ஒரு கோடும் இருக்கின்றன. வேறு ஒரு சொல் இல்லை. இதை எழுதிவிட்டு நண்பன் கேட்டிருந்தான்: இதற்குப் பிறகும் உட்கார்ந்து ரொட்டி தின்ற எங்களை என்னவென்று சொல்வாய்?

கேள்வி பழையது. 1955 ஜூன் 11 அன்று பியேர் லெவேயின் மெர்ஸிடிஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பந்தயத்தை நிறுத்தவில்லை. கூட்டம் கலைந்தால் ஆம்புலன்ஸ்களுக்கு வழி அடைபடும் என்று காரணம் சொன்னார்கள். நடு இரவுக்குப் பிறகு மெர்ஸிடிஸ் விலகிக்கொண்டது. மற்றவர்கள் ஓடினார்கள். ஒருவர் வென்றார். பந்தயம் தன்னைப் பார்க்க வந்தவர்களைப் பார்ப்பதில்லை. இதை மறைத்துவிட்டு அதன் அழகைப் பற்றிப் பேசுவது பொய். ஆனால் இந்த அலட்சியத்துக்குள்தான் நான் சொல்ல வந்த விஷயமும் இருக்கிறது.

நண்பர்கள் ஒருவரையொருவர் பார்ப்பதற்காக மட்டும் கூடுவது வெகு நாள் நீடிப்பதில்லை. சிறு பத்திரிகைக்காரர்களான நமக்கு இது தெரிந்த சங்கதி. மொட்டை மாடியில் ஆறேழு பேர் கூடுகிறோம். முதல் இரண்டு வருஷம் நடுவில் ஒரு கவிதையோ நாவலோ இருக்கிறது. எல்லோர் முகமும் அதன் பக்கம். பிறகு மெல்ல முகங்கள் ஒன்றையொன்று நோக்கித் திரும்புகின்றன. அவன் ஏன் இதைப் பாராட்டினான், இவன் ஏன் வாயே திறக்கவில்லை, அந்தக் கட்டுரையில் குறிப்பிடப்பட்டவன் நானா. அதற்குப் பிறகு பிளவுக்கு ஒரு தேநீர் போதும். நட்புக்கு வெளியே, நட்பைப் பொருட்படுத்தாத, நம்மைவிடப் பெரிய ஒன்று ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. அதன் பக்கம் எல்லோரும் திரும்பியிருக்கும்போது தோள்கள் தாமாகவே பக்கத்தில் வந்துவிடுகின்றன. அது நம்மைத் திரும்பிப் பார்க்காது என்பதே அதன் உபயோகம்.

லெவே 1952லும் அங்கே ஓட்டியவர். இணை ஓட்டுநர் தயாராக நிற்க, அவரிடம் காரைக் கொடுக்க மறுத்து, இருபத்திரண்டு மணி நேரத்துக்கு மேல் தனியாகவே ஓட்டினார். முதலிடத்தில் இருந்தார். முடிய ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருந்தபோது என்ஜின் உடைந்தது. இன்று ஒருவர் மொத்தத்தில் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்று விதி. மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்டுகிறார்கள். லெவேயின் பிடிவாதத்தை வியக்கும் மனம் நம் எல்லோருக்கும் உண்டு. நம் இலக்கிய உலகமே அப்படிப்பட்ட வியப்பில் வளர்ந்தது. ஆனால் இந்தப் பந்தயத்தின் சாரம் கைமாற்றிக் கொடுப்பதில் இருக்கிறது. இருக்கையின் சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் உட்கார வேண்டும்.

2020ல் பந்தயம் செப்டம்பருக்குத் தள்ளிப்போய், பார்வையாளர்கள் இல்லாமல் நடந்தது. ஐவரும் ஒருவர் வீட்டுத் தோட்டத்தில் கூடாரம் அடித்து ரேடியோ கேட்டார்கள். கணக்கு எழுதப்பட்டது. ஓடுபாதைக்கு முதுகு காட்டி உட்கார முடியாததுதான் குறை என்று அவர் சொன்னாராம். அடுத்த வருஷம் குளிர்காலத்தில் அவர் இறந்துபோனார். அவர் மனைவி நோட்டுகளை என் நண்பனிடம் கொடுத்துவிட்டார். நீ விமர்சகன், இதில் ஏதாவது இருக்கிறதா பார் என்று அவற்றின் படங்களை எனக்கு அனுப்பினான்.

வங்கியில் பேரேடு பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவை புதிதல்ல. எண்கள், நேரம், எண்கள். 2016ன் பக்கத்தில் இருபத்துமூன்றாவது மணிக்கு முதலிடத்தில் 5 இருக்கிறது. டொயோட்டாவின் கார். முடிய மூன்று நிமிஷம் இருந்தபோது அது வலுவிழந்து, கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் நின்றுபோனது. இருபத்துநான்காவது மணிக்கு எதிரே முதலில் 2 என்று இருக்கிறது, போர்ஷே. 5 என்ற எண்ணைக் காணோம். இருபத்துநான்கு மணி நேர உழைப்பு இரண்டு வரிகளுக்கு நடுவே மறைந்துபோயிருக்கிறது. ஐயோ என்றுகூட அவர் எழுதவில்லை. இரங்கல் எழுதுவதில் நம் மொழி காட்டும் தாராளத்தை நினைத்துக்கொண்டேன்.

2022ல் நால்வராகப் போனார்கள். கணக்கு எழுதவில்லை. 2023லும் இல்லை. அவரைப் பற்றிப் பேசவும் இல்லை. 2024ல் இரவு முழுக்க மழை. பாதுகாப்புக் கார் முன்னால் மெதுவாகப் போக, மற்றவை வரிசையாக அதன் பின்னால், நான்கு மணி நேரத்துக்கு மேல் அப்படியே. பந்தயம் நடந்துகொண்டே நடக்காதிருந்த நேரம் அது. கூடாரத்துக்குள் நான்கு பேரும் விழித்திருந்தார்கள். பார்க்கவோ ஊகிக்கவோ ஒன்றுமில்லை. வெளியே திரும்பியிருந்த முகங்கள் உள்ளே திரும்ப வேண்டியதாயிற்று. சமைப்பவர் கேட்டார்: இந்த நேரத்துக்கு அவர் என்ன எழுதியிருப்பார்? கூடாரம் அடிப்பவர் சொன்னார்: மேற்படி. அப்புறம்? மேற்படி. அதற்கப்புறம்? நாலு பேரும் சிரித்தார்களாம், பக்கத்துக் கூடாரத்திலிருந்து யாரோ அதட்டும்வரை.

இந்தச் சம்பவம் என் வாதத்துக்குச் சாதகமா பாதகமா என்று எனக்குத் தெளிவில்லை. பந்தயம் ஓய்ந்தபோதுதான் அவர்களால் பேச முடிந்தது. ஆனால் பேசியது பந்தயத்தின் பாஷையில்.

2025ல் நோட்டு மறுபடி தொடங்கியிருக்கிறது. படம் அனுப்பியிருந்தான். மணிக்கு மணி கையெழுத்து மாறுகிறது. ஒன்று பெரிதாக, ஒன்று சாய்ந்து, ஒன்று சமையல் எண்ணெய்க் கறையோடு. நான்காவது என் நண்பனுடையது, கல்லூரி நாளிலிருந்து எனக்குத் தெரியும். விடியற்காலை மூன்றுக்கும் நான்குக்கும் எதிரே, அவனுடைய முறையில், இரண்டு வரிகள் காலியாக இருக்கின்றன. தூங்கிவிட்டானாம்.