கண்டாலா மலைவழியில் இரு சக்கரப் பயணம்

மும்பையிலிருந்து புனே செல்லும் சாலைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, 2002-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட விரைவுச்சாலை. அதில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. மற்றொன்று, வாஷி, பன்வேல், கோபோலி வழியாகக் கண்டாலா மலையேறி லோனாவ்லாவை அடையும் பழைய சாலை. மழைக்காலம் பிறந்துவிட்டால், ஞாயிறு விடியலில் இந்தப் பழைய சாலையில் வண்டி விடாத இளைஞர் நம் குடும்பங்களில் அரியர். மலையெல்லாம் பச்சை போர்த்து, பாறைகள்தோறும் அருவி விழும் அந்தக் காட்சி யாரைத்தான் இழுக்காது? ஆனால் பிள்ளை வீடு திரும்பும்வரை பெற்றோர் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பதும் நாம் அறிந்ததே.

போகவே கூடாது என்று தடுப்பதா, போகும் முறையைக் கற்றுக்கொடுப்பதா என்று நம் அன்பர்களிடையே நெடுநேரம் விவாதம் நடந்தது. தடுத்தால் சொல்லாமல் போவார்கள். கற்பித்தால் சொல்லிவிட்டுப் போவார்கள் என்று முடிவாயிற்று. அதன்படி, நாற்பது ஆண்டுகளாக மோட்டார் சைக்கிள் ஓட்டிவரும் பெரியவர் ஒருவரை முன்னிட்டுக்கொண்டு, ஏழு வண்டிகளில் பதினொரு பேர் செம்பூரிலிருந்து புறப்பட்டோம். கண்டதையும் கற்றதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

இது வீண் அச்சம் அன்று என்பதற்கு மத்திய அரசின் கணக்கே சான்று. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களில் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள் 74,897 பேர்; அதாவது நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கும் மேல். தலைக்கவசம் அணியாமல் இறந்தோர் மட்டுமே ஐம்பதாயிரத்துக்கும் அதிகம். தலைக்கவசம் மரண அபாயத்தை 42 சதவீதமும், தலைக்காய அபாயத்தை 69 சதவீதமும் குறைக்கிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

புறப்படுமுன் பெரியவர் வண்டிகளைப் பார்க்கவில்லை. தலைகளைத்தான் முதலில் பார்த்தார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா, அதனுடன் 4151 என்ற எண் இருக்கிறதா, வார் பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிறகு பின்புறத்திலிருந்து கவசத்தை மேல்நோக்கித் தள்ளிப் பார்த்தார். கழன்று வந்தால் அது கவசம் அன்று, தொப்பி என்றார். பின்னால் அமர்பவருக்கும் இதே விதிதான். நான்கு வயதுக்கு மேற்பட்ட அனைவரும் தலைக்கவசம் அணிய வேண்டும் என்பதே இன்றைய மோட்டார் வாகனச் சட்டம். ஓட்டுபவருடன் ஒருவர் மட்டுமே அமரலாம் என்பதும் சட்டம். தம்பதிகளும் இரு குழந்தைகளுமாக ஒரே வண்டியில் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

எங்களுடன் வந்த சகோதரியர் இருவர் சேலை அணிந்திருந்தனர். பின்சக்கரத்தின் பாதியளவையாவது மூடும் தடுப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கழற்றிவிட்டு அழகு பார்ப்பவர் உண்டு. முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்கி நேர்ந்த துயரங்களை நாம் கேள்விப்படாமலில்லை. இருவரும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்ட பிறகே வண்டிகள் கிளம்பின.

வாஷிப் பாலத்தைக் கடந்து பன்வேல் வரையில் லாரிகளின் ராஜ்யம். இங்கே பெரியவர் கூறிய பாடம் ஒன்றே: "தம்பி, லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கு நீ இந்த உலகத்திலேயே இல்லை என்று வைத்துக்கொள்." ஆகவே லாரியின் இடப்பக்கமாக நுழைந்து முந்துவதை நாங்கள் அறவே தவிர்த்தோம். ஒருவர் பின் ஒருவராக, நேர்கோட்டில் அல்லாமல் சற்று வலமும் இடமுமாக விலகி, முன்வண்டிக்கும் நமக்கும் இரண்டு விநாடி தூரம் விட்டுச் சென்றோம். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்கி, இரண்டு விநாடிக்குமுன் நாம் அதே கம்பத்தை அடைந்துவிட்டால் நெருங்கிவிட்டோம் என்று பொருள்.

பன்வேலைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வண்டிகளை ஓரமாக நிறுத்திச் சிறிது நேரம் காத்திருந்தோம். மழையின் முதற்சில நிமிடங்களில்தான் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் தண்ணீரோடு கலந்து வழுக்கும். நன்றாகப் பெய்து கழுவிய பின் அவ்வளவு வழுக்காது. வெள்ளைக் கோடுகளும், இரும்பு மூடிகளும், இலைக்குவியலும் ஈரத்தில் எப்போதும் எதிரிகளே.

அங்கே ஒரு தேநீர்க் கடையில் ஒதுங்கியிருந்தபோது, இளைஞர்கள் காகிதத்தில் கணக்குப் போட்டார்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்குச் சுமார் 17 மீட்டர். அபாயத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி ஆகிறது; அதற்குள் 17 மீட்டர் போய்விடுகிறது. பிறகு உலர்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் சுமார் 23 மீட்டர். ஆக மொத்தம் 40 மீட்டர். ஈரத்தில் பிடிப்புப் பாதியானால் 63 மீட்டர். அதே ஈரச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 32 மீட்டரே போதும். வேகத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் நிற்கும் தூரம் பாதியாகிறது! ஏ.பி.எஸ். அமைப்பு இருக்கிறதே என்று ஒரு பிள்ளை கேட்டான். அது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காக்கும். ஈரச் சாலையை உலர்ந்த சாலையாக மாற்றாது என்று விடை வந்தது. முன்பிரேக்கைத் தொட அஞ்சும் பழக்கமும் தவறே. பிரேக் பிடிக்கையில் பாரம் முன்சக்கரத்துக்கு வருவதால், நிறுத்தும் ஆற்றலில் பெரும்பகுதி அங்கேதான் உள்ளது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும், திடீரென்று கவ்வலாகாது.

கோபோலியில் மலை தொடங்குகிறது. 1915-ஆம் ஆண்டிலிருந்து மும்பைக்கு மின்சாரம் அளித்த டாட்டா நீர்மின் நிலையம் இங்கேதான் உள்ளது. ஏற்றத்தில் சிங்ரோபா என்ற ஆட்டிடையனுக்கு ஒரு சிறு கோயில். மலையை நன்கறிந்த அவன்தான் ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு வழி காட்டினான் என்பது கர்ணபரம்பரை. இன்றும் வண்டியோட்டிகள் காசு போட்டு வணங்கிச் செல்கிறார்கள். இன்னும் மேலே, 1830-ஐச் சேர்ந்த ஒரு பழம்பாலம் இருந்தது. தலைவலித் தைல விளம்பரம் ஒன்றினால் அதற்கு அமிர்தாஞ்சன் பாலம் என்றே பெயர். மும்பையில் 1893-இல் தோன்றிப் பிற்பாடு சென்னைக்கு வந்து சேர்ந்த அந்தத் தைலம் நம் வீடுகளுக்குப் புதியதன்று. போக்குவரத்துக்கு இடையூறாக இருந்த பாலத்தை 2020 ஏப்ரலில் தகர்த்துவிட்டார்கள்.

வளைவுகளில் கற்றது இது: வேகத்தை வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும், வளைவுக்குள் அன்று. கண் எங்கே செல்கிறதோ வண்டியும் அங்கே செல்லும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு, சாலை வெளியேறும் முனையைப் பார்த்தால் அந்த முனைக்கு. குறுகிய மலைச் சாலையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும். இறங்குகையில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் உருட்டிவிட்டு பிரேக்கையே நம்பினால், அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும்.

லோனாவ்லாவில் வேர்க்கடலைச் சிக்கி வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு வளைவில் கூட்டம் நின்றிருந்தது. ஈரத்தில் சறுக்கி விழுந்த இளைஞர் ஒருவர்; கால் முறிந்திருந்தது; தலைக்கவசம் தலையிலேயே இருந்தது. ஒருவர் தண்ணீர் கொடுக்க முற்பட்டார். மற்றொருவர் தூக்கி உட்கார்த்தப் பார்த்தார். பெரியவர் இரண்டையும் தடுத்தார். மூச்சு தடையின்றி இருக்கும்வரை கவசத்தைக் கழற்றலாகாது, கழுத்தை அசைக்கலாகாது, வாயில் எதுவும் புகட்டலாகாது. எங்களில் இருவர் வளைவுக்கு மேலும் கீழும் ஓடிச் சென்று வண்டிகளை நிறுத்தினர். ஒருவர் 108-ஐ அழைத்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த இளைஞர் நினைவோடு பேசிக்கொண்டிருந்தார்.

அந்நிய மண்ணில் வழக்கு வம்பு வருமோ என்று ஒதுங்கி நிற்பவர் நம்மில் உண்டு. அந்த அச்சம் வேண்டாம். 2019-இல் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவுபவரைக் காக்கிறது. அவர் விரும்பாவிட்டால் தம் பெயரைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த இளைஞருடைய சட்டைப் பையில் ஒரு சீட்டு இருந்தது. அதில் இரத்தப் பிரிவும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் எழுதியிருந்தன. நம் பிள்ளைகளில் எத்தனை பேரிடம் அத்தகைய சீட்டு உண்டு? ஊரில் விழுந்தால் தெருவே ஓடிவந்து தூக்கும். இன்னார் மகன் என்று நாலு பேர் சொல்வார்கள். இங்கே நம்மை அறிந்தவர் யார்? ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் இந்த வாரமே அந்தச் சீட்டை எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். தமிழில் மட்டும் எழுதினால் மலைவழியில் யாரும் படிக்க மாட்டார்கள். மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். வார் அறுந்த கவசம் வீட்டில் இருந்தால், இன்னொரு நாள் ஓட்டலாம் என்று வைத்திராமல் அன்றே மாற்றிவிடுங்கள். அடுத்த பயணத்துக்கு முன் சங்க மண்டபத்தில் முதலுதவிப் பயிற்சி வகுப்பு ஒன்று நடத்த வேண்டும் என்பது எங்கள் பதினொருவரின் விண்ணப்பம். வண்டி ஓட்டாத தாய்மார்களும் அதற்கு வர வேண்டும்.