புகை எங்கே போயிற்று?

மின்சார மோட்டார் வண்டியைப் பற்றி நாட்டில் இப்போது இரண்டு கட்சிகள் ஏற்பட்டிருக்கின்றன. ஒரு கட்சியார் அதைக் காமதேனுவாகவே கருதுகிறார்கள். அது தெருவில் வந்த மாத்திரத்தில் ஆகாயம் நிர்மலமாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. மற்றொரு கட்சியாரோ, "எல்லாம் கண்கட்டு வித்தை! வண்டியின் பின்னால் போக வேண்டிய புகை மின்சார நிலையத்தின் புகைபோக்கி வழியாகப் போகிறது, அவ்வளவுதான்" என்று கையை விரிக்கிறார்கள். இரு கட்சியாரும் குரலை உயர்த்துகிற அளவுக்குப் பென்சிலையும் காகிதத்தையும் எடுப்பதில்லை.

நம் வீட்டிலோ கணக்குப் பார்த்தே தீர வேண்டிய அவசியம் வந்துவிட்டது. நம்மிடம் உள்ள பெட்ரோல் வண்டிக்கு வயது பன்னிரண்டு. "இதைத் தள்ளிவிட்டு மின்சார வண்டி வாங்கிவிடுவோம், அப்பா! குழந்தை மூச்சுவிட நல்ல காற்று வேண்டாமா?" என்று சிரஞ்சீவி கேட்டான். பேத்தியின் மூச்சை முன்னிறுத்திக் கேட்டால் எந்தத் தாத்தா மறுத்துப் பேச முடியும்? மருமகள் மட்டும், "அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்மானிக்கலாம், மாமா" என்றாள். இந்த விவகாரம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடக்கிறது என்பது கணக்குப் போடப் போடத்தான் தெரிந்தது.

முதலில் பெட்ரோல். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோதான். ஆனால் அது எரியும்போது காற்றிலுள்ள பிராண வாயுவையும் சேர்த்துக்கொள்வதால், 2.3 கிலோ கரியமில வாயுவாக வெளியே வருகிறது. எண்ணெயைத் தோண்டி எடுப்பதற்கும், கப்பலில் கொண்டுவருவதற்கும், சுத்திகரிப்பதற்கும் ஆகிற புகையையும் கூட்டினால் சுமார் 2.8 கிலோ ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் சாதாரண வண்டி, கிலோமீட்டர் ஒன்றுக்கு ஏறக்குறைய 185 கிராம் விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி மின்சார வண்டி. அது கிலோமீட்டருக்குச் சுமார் 0.15 யூனிட் செலவழிக்கிறது. கம்பியிலும் பாட்டரி ஏற்றும்போதும் வீணாவதைச் சேர்த்தால், மின்சார நிலையத்திலிருந்து 0.18 யூனிட் புறப்பட வேண்டும். இந்தியாவின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியில் பிறக்கிறது. எல்லா நிலையங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால், யூனிட் ஒன்றுக்கு 700 கிராமுக்குச் சற்று மேல் கரியமில வாயு உண்டாகிறது. நிலக்கரியை வெட்டிக் கொண்டுவரும் செலவையும் கூட்டினால், மின்சார வண்டியின் பங்கு கிலோமீட்டருக்கு 135 கிராம். ஆகவே, லாபம் உண்டு. ஆனால் அது 50 கிராம் லாபம். முழுக்க முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலோ இரண்டும் அநேகமாகச் சரிக்குச் சரியாகிவிடும். நிலக்கரிக் கொதிகலன் தன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. மோட்டார் எவ்வளவு சிக்கனமாயிருந்தாலும், பிறந்த வீட்டின் ஊதாரித்தனம் கூடவே வருகிறது.

இத்துடன் கணக்கு முடியவில்லை. மின்சார வண்டி கடனோடு பிறக்கிறது. நடுத்தரமான வண்டியில் 40 யூனிட் கொள்ளும் பாட்டரி இருக்கிறது. அதைத் தயாரிப்பதற்கே உத்தேசமாக 3,000 கிலோ கரியமில வாயு உண்டாகிறது. கிலோமீட்டருக்கு 50 கிராம் வீதம் இந்தக் கடனை அடைக்க 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்! நம் வண்டி வருஷத்துக்கு ஓடுவது 4,000 கிலோமீட்டர். கோயில், கல்யாணம், வைத்தியர் வீடு, இவ்வளவுதான். கடன் அடையப் பதினைந்து வருஷமாகும். பாட்டரிக்குக் கம்பெனிக்காரர்கள் பொறுப்பேற்பதோ பெரும்பாலும் எட்டு வருஷம். இந்தக் கணக்கை மேஜைமேல் வைத்ததும் சிரஞ்சீவி சிறிது நேரம் மௌனமாக இருந்தான்.

ஆனால் நாள்தோறும் 150 கிலோமீட்டர் சுற்றும் வாடகை வண்டிக்காரருக்கு இதே கடன் பதின்மூன்று, பதினான்கு மாதங்களில் அடைந்துவிடும். பிறகு வருவதெல்லாம் லாபம். நார்வே தேசத்தின் கதையும் வேறு. அங்கே மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் நீர்வீழ்ச்சிகளிலிருந்து வருகிறது. நம் வண்டியையே அங்கே ஓட்டினால் 17,000 கிலோமீட்டருக்குள் கடன் தீர்ந்துவிடும். 2024-ஆம் ஆண்டில் அங்கே விற்ற புது மோட்டார்களில் பத்தில் ஒன்பது பங்கு மின்சார வண்டிகள் என்பதில் வியப்பில்லை. (அந்தத் தேசம் தன் எண்ணெயைப் பிற நாடுகளுக்கு விற்று வாழ்கிறது என்பது வேறு விஷயம்!)

பெட்ரோல் இயந்திரமும் மின்சார மோட்டாரும் கூட்டுக்குடித்தனம் செய்யும் ஹைப்ரிட் வண்டியையும் சொல்லாமல் விடக்கூடாது. 1997-ஆம் ஆண்டில் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் 'பிரியஸ்' வண்டியை விற்கத் தொடங்கியதிலிருந்து இந்த இனம் பிரபலமாயிற்று. பிரேக் போடும்போது வீணாகிற சக்தியைச் சிறு பாட்டரியில் பிடித்து வைத்து, மறுபடி கிளம்பும்போது உபயோகிப்பது இதன் சாமர்த்தியம். லிட்டருக்கு 22 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 127 கிராம்தான். பாட்டரி சிறியது, ஆதலால் கடனும் சிறியது. இன்றைய இந்திய மின்சாரத்தை வைத்துப் பார்த்தால், ஹைப்ரிட் வண்டி மின்சார வண்டிக்குச் சளைத்ததல்ல. சுவரில் செருகி மின்சாரம் ஏற்றும் ஹைப்ரிட் இனத்தைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். சொந்தக்காரர்கள் செருகுவதற்குச் சோம்பற்பட்டுப் பெட்ரோலிலேயே ஓட்டிவிடுகிறார்கள். சோதனைச் சாலையில் சொன்னதைப்போல் மூன்றரை மடங்கு கரியமில வாயுவை இவை தெருவில் விடுகின்றன என்று ஐரோப்பியக் கமிஷன் 2024-ல் கண்டு சொல்லியிருக்கிறது.

அப்படியானால் மின்சார வண்டி வேண்டாம் என்று தீர்ப்புச் சொல்லிவிடலாமா? கூடாது. பெட்ரோல் வண்டியின் பாவம் பிறவிப் பாவம். இன்று கிலோமீட்டருக்கு 185 கிராம் விடுகிற வண்டி, சாகிற வரையில் அதற்குக் குறையாமல் விட்டுக்கொண்டேயிருக்கும். மின்சார வண்டியின் பாவமோ வருஷத்துக்கு வருஷம் குறையக்கூடியது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடிக் காற்று காற்றாலைகளைச் சுழற்றுகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016-லிருந்து வேலை செய்கிறது. இத்தகைய நிலையங்கள் பெருகப் பெருக, அதே பழைய மின்சார வண்டி தானாகவே சுத்தமாகிவிடுகிறது. கூரைமேல் சூரியத் தகடு போட்டவர் நண்பகலில் வண்டிக்கு மின்சாரம் ஏற்றினால், அவருடைய பங்கு இன்றைக்கே மிகச் சொற்பம். அதே வண்டியை ராத்திரி படுக்கப் போகும்போது செருகினால், ஒடிசாவில் தால்சேர் சுரங்கத்திலிருந்து கப்பலேறி எண்ணூருக்கு வந்த கரிதான் எரிய வேண்டியிருக்கும். வண்டி ஒன்றே, செருகும் வேளையில் இருக்கிறது சூட்சுமம்.

புகை எங்கே போகிறது என்ற கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். மின்சார வண்டி தெருவில் புகை விடுவதில்லை. பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கும் குழந்தைகளுக்கு இது மெய்யான நன்மை. இதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நகரத்துக் குழந்தையின் மூச்சு சுத்தமாவதற்காக எண்ணூர்க் குழந்தையின் மூச்சு கெடுவது தர்மமாகுமா? அங்கே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தில் அனல் நிலையச் சாம்பல் படிந்து, மீன் பிடித்துப் பிழைத்த ஜனங்கள் வலையைக் கையில் வைத்துக்கொண்டு தவிப்பது ஊரறிந்த சங்கதி. இன்னும் தூரம் போனால் ஆப்பிரிக்காவில் காங்கோ நாடு இருக்கிறது. உலகத்துக் கோபால்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அங்கேதான் வெட்டப்படுகிறது. அந்தக் குழிகளில் குழந்தைகளும் வேலை செய்திருக்கிறார்கள். கோபால்ட் இல்லாத பாட்டரிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குவது நலம்.

ஆக, நம்முடைய அபிப்பிராயம் இது: அதிகம் ஓடுகிற வண்டி மின்சார வண்டியாக மாறட்டும். வாடகை மோட்டார், ஆட்டோ ரிக்ஷா, தபால் பார்சல் சுமக்கும் வண்டி, பஸ் ஆகியவை எவ்வளவு சீக்கிரம் மாறுகின்றனவோ அவ்வளவுக்கு நல்லது. சென்னையில் 2025-ஆம் ஆண்டு 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கியது சந்தோஷப்பட வேண்டிய சமாசாரம். வாசலில் அலங்காரமாக நின்று வாரத்துக்கு ஒரு நாள் வெளியே போகும் வண்டியை மாற்றுவதால் பூமாதேவிக்குப் பெரிய உபகாரம் ஒன்றுமில்லை. அண்டை வீட்டார் பார்த்து மெச்சுவதுதான் லாபம். நன்றாக ஓடுகிற பழைய வண்டியை உடைத்துப் போட்டுப் புதிதாக ஒன்று செய்தாலோ, அதன் இரும்புக்கும் ரப்பருக்கும் ஆகிற புகையையும் நம் கணக்கிலேயே எழுத வேண்டும்.

நம் வீட்டில் ஏற்பட்ட தீர்மானத்தையும் சொல்லிவிடுகிறோம். பழைய வண்டி, அதன் ஆயுள் உள்ளவரை, அவசியத்துக்கு மட்டும் வெளியே வரும். சிரஞ்சீவி ஆபீசுக்கு மின்சார வண்டியில்தான் போகிறான். பாட்டரியே இல்லாத மின்சார வண்டி! லிதியம் வேண்டாம், கோபால்ட் வேண்டாம், வாங்கக் கடனும் வேண்டாம். தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கான பேரை ஏற்றிக்கொண்டு, சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு 1931-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கிற அந்த ரயில் வண்டியைத்தான் சொல்கிறோம். 1895-ல் தொடங்கிய சென்னை டிராம் வண்டியும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. அதை 1953-ல் நிறுத்திவிட்டோம். மிஞ்சியிருக்கிற ரயிலுக்கு இன்னும் சில பெட்டிகளும், ஸ்டேஷனுக்குப் போய்வரச் சிற்றூர்தியும், நடப்பதற்கு ஒழுங்கான நடைபாதையும் கிடைக்குமானால், எந்த மோட்டார் நல்லது என்ற தர்க்கமே பல வீடுகளில் எழாது. பேத்தியின் மூச்சுக்கும் எண்ணூர்க் குழந்தையின் மூச்சுக்கும் சேர்த்து நாம் கேட்க வேண்டிய வரம் அதுதான்.