பாகும் எரிவாயுவும்

சென்ற தைத்திங்களில் எம் கல்லூரியில் நிகழ்ந்த அறிவியற் காட்சிக்குப் பலகைகள் எழுதும் பணி தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய எம்பால் வந்தது. ஓடும் பொருள் தன் ஓட்டத்தைத் தானே தடுக்கும் இயல்பிற்குப் ‘பாகுநிலை’ என்பது பெயர் என்றார் பௌதிக வகுப்பு நண்பர். சொல்லழகில் மயங்கினோம். பொங்கலன்று விடுதி அடுக்களையில் இறுகிக் கிடந்த வெல்லப்பாகு அடுப்பேறியதும் இளகியதை நினைந்து, “சூடேறின் பாகுநிலை குறையும்; எரிவாயுவிற்கும் அஃதே” என்று பெரிய எழுத்தில் தீட்டிவிட்டோம்.

நண்பர் நகைத்தார். வாயுவின் இயல்பு நேர்மாறாம். சூடேறுந்தோறும் மூலக்கூறுகள் விரைந்து, ஓட்டத்தின் அடுக்குகளிடையே பாய்ந்து, தடையை மிகுவிக்கும். அழுத்தம் மிகுந்தாலும் பாகுநிலை மாறாது என்று 1860-இல் மாக்ஸ்வெல் கணித்தார். பின்னர்த் தம் மனைவியாரின் துணையோடு இலண்டனில் தம் வீட்டிலேயே அதனைச் சோதித்தும் கண்டார்.

நாணத்தோடு பலகையை அழிக்க எழுந்தோம். நண்பரே தடுத்தார்.

மதுரையிலிருந்து இராமேச்சுரம் சென்றபோது வழுதூரில் யாம் இருவரும் எரிவாயு மின்நிலையம் ஒன்றைக் கண்டதுண்டு. (வழுதி என்பது பாண்டியர் பெயராதலின் அவ்வூர்ப்பெயர் எம் மனத்தில் நின்றது.) அதனைச் சுட்டி, “அவ்வாயு பிறந்த ஆழத்தினும் கொடிய ஆழங்கள் உண்டு” என்றார். கிருஷ்ணா-கோதாவரிப் படுகையின் தீன் தயாள் வயல் அத்தகையது. 2017-இல் எண்ணெய் இயற்கை எரிவாயுக் கழகம் அதன் 80 விழுக்காட்டுப் பங்கை வாங்கிற்று. இவ்வகை வயல்களில் சதுர அங்குலத்திற்கு 10,000 இராத்தல் அழுத்தமும் பாரன்ஹீட் 300 டிகிரி வெப்பமும் கடப்பதுண்டு. ஆங்கு மூலக்கூறுகள் நெருக்குண்டு நீர்மம் போலாகின்றன. மீத்தேனின் பாகுநிலை நிலமேல் உள்ளதன் ஏறக்குறைய மும்மடங்காகிறது. சூடேற்றினாலோ, வெல்லப்பாகே போலக் குறைகிறது!

அப்படியாயின் எம் பிழை பிழையன்றோ என்று மகிழ்ந்தோம். நண்பர் மகிழவில்லை. லீ, கொன்சாலெஸ், ஈக்கின் என்போர் 1966-இல் தந்த சூத்திரம் இன்றும் பெருவழக்கில் உள்ளது. அதற்கு அடிப்படையான அளவைகளோ 8,000 இராத்தலையும் 340 டிகிரியையும் கடந்தவையல்ல. அவ்வெல்லைக்கு அப்பால் சூத்திரத்தை நீட்டுதல் அளவாமல் உரைப்பதேயாம். பாறைவழி ஓட்டம் பாகுநிலைக்குத் தலைகீழ் விகிதத்தில் அமைவதால், பாகுநிலையைப் பத்திலொரு பங்கு குறைத்து மதித்தவர் கிணற்றின் வரவை ஏறத்தாழப் பத்திலொரு பங்கு மிகுத்து மதிப்பார். கோடிக்கணக்கான பணம் அம்மதிப்பை நம்பி மண்ணுள் இறங்கும். அடுக்களையை நம்பிப் பலகை எழுதிய எமக்கு அதற்கு விடை கூற வாயில்லை.

பலகையில் ‘பேராழத்தில்’ என்ற சொல்லைச் சேர்த்தோம். இடம் போதாமையால் அது சிற்றெழுத்தாயிற்று.